எரிமலை வீங்குகிறதா? விண்ணிலிருந்து ஓர் அளவுகோல்

கோலாலம்பூரிலிருந்து நிலப்படத்தில் நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது மலாக்கா நீரிணையைக் கடந்து, வட சுமத்ராவில் சினாபுங் என்னும் எரிமலையின் மடியில் போய் முட்டும். தூரம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர். நம்மவர்கள் பெருநாள் விடுமுறைக்குக் காரோட்டிச் செல்லும் ஜொகூர் பாரு கூட அதைவிடப் பெரிதாகப் பக்கத்தில் இல்லை. பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்த இந்த மலை 2010 ஆகஸ்டில் விழித்துக்கொண்டது. 2013 செப்டம்பரில் மீண்டும் சீறத் தொடங்கியது. 2014 பிப்ரவரி முதல் நாள், மலைச்சரிவில் இறங்கிய சுடுசாம்பல் மேகத்தில் பதினாறு பேராவது மாண்டார்கள். 2016 மே மாதத்தில் இன்னும் ஏழு பேர். அடிவாரத்துக் கிராமங்கள் சில நிரந்தரமாகக் காலி செய்யப்பட்டன.

இத்தனைக்கும் அந்த மலை சும்மா வெடித்துவிடவில்லை. வெடிப்பதற்கு முன் அது சில சென்டிமீட்டர் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைக் கண்டது மலையடிவாரத்தில் நின்ற மனிதர் எவரும் அல்லர். பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்த ஒரு செயற்கைக்கோள். அஃது எப்படி அளந்தது, அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் ஒரு சொல். நான் நில அளவையும் தொலையுணர்வும் பயிலும் இறுதியாண்டு மாணவி. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய், இப்போது ஆங்கிலம். ஆகவே என் தமிழ் அறிவியல், எரிமலைக் குழம்பு என்ற சொல்லோடு பன்னிரண்டு வயதில் நின்றுபோயிற்று. கீழே வரும் கலைச்சொற்களில் சில நூல்களில் இருப்பவை. சில நானே ஒட்டவைத்துக்கொண்டவை. இவற்றைவிட நல்ல சொல் இருந்தால் மொழிக்கழக நண்பர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ரேடாரை மட்டும் ரேடார் என்றே விட்டுவிடுகிறேன்.

மலை ஏன் வீங்குகிறது?

எரிமலைக்கு அடியில், சில கிலோமீட்டர் ஆழத்தில், கற்குழம்பு தேங்கும் இடம் ஒன்று இருக்கும். கீழிருந்து புதுக் குழம்பு ஏறி வந்து அங்கே அடைபட்டால் அழுத்தம் கூடும். மேலே உள்ள பாறை சற்றே புடைக்கும். குழம்பு வெளியேறினாலோ பக்கவாட்டில் ஒழுகிப் போனாலோ, தரை மீண்டும் அமிழும். 1958-இல் ஜப்பானிய அறிஞர் கியோ மோகி இதை எளிய கணக்காக்கினார். நெகிழ்வுத் தன்மையுள்ள ஒரு பெரும் பாறைக்குள் ஒரு புள்ளி வீங்குவதாக வைத்துக்கொண்டால், மேற்பரப்பு எங்கே எவ்வளவு உயரும் என்பதை அதைக் கொண்டு சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. புடைப்பின் நடுவிலிருந்து, குழம்பின் ஆழத்துக்குச் சமமான தூரம் தள்ளிச் சென்றால், அங்கே உயர்வு நடுவில் இருப்பதில் ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறைந்திருக்கும். குழம்பு 4 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தால், உச்சத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி உயர்வு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆக, தரையின் புடைப்பு எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு குழியும் தோண்டாமல் குழம்பின் ஆழம் தெரிந்துவிடும். அதே 4 கிலோமீட்டர் ஆழத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் உயர்வு என்றால், உள்ளே கூடிய கன அளவு ஏறத்தாழ 6.7 மில்லியன் கனமீட்டர் என்று கணக்கு சொல்கிறது. உள்ளங்கை அகல உயர்வுக்கு அவ்வளவு குழம்பு! உண்மைப் பாறை மோகியின் பாறைபோல் ஒரே சீராக இருப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் இன்றுவரை எல்லாரும் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

அகலத்தை அறிய வேண்டுமானால் மலை முழுவதையும் அளக்க வேண்டும். முன்பு மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பிறகு ஜிபிஎஸ் கருவிகளை நட்டார்கள். ஜிபிஎஸ் மிகத் துல்லியமானது. ஆனால் நட்ட இடத்தில் மட்டுமே அளக்கும். பத்துக் கருவி என்றால் பத்துப் புள்ளி. சுமத்ராவிலும் ஜாவாவிலும் உள்ள எல்லா மலைகளிலும் கருவி நடவும், காவல் வைக்கவும், மின்கலம் மாற்றவும் ஆளும் பணமும் வேண்டுமே!

நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம்

செயற்கைக்கோள் ரேடார், பகலானாலும் இரவானாலும், மேகம் மறைத்தாலும் மறைக்காவிட்டாலும், நுண்ணலைகளைத் தரைமீது பாய்ச்சித் திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ஏறத்தாழ 693 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர்.

எதிரொலியின் வலிமையோடு, அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் திரும்பி வந்தது என்பதும் பதிவாகும். இதனைக் கட்டம் என்பர். நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மணி எத்தனை என்று அது சொல்லாது; ஆனால் மணி கடந்து இருபது நிமிடம் என்று சரியாகச் சொல்லும். கட்டமும் அப்படித்தான். தரைக்கும் கோளுக்கும் இடையே முழு அலைகள் எத்தனை என்று தெரியாது. கடைசி அலையின் பின்னம் மட்டும் நுட்பமாகத் தெரியும்.

ஒரே ஒரு படத்தில் இந்தப் பின்னத்தால் பயனில்லை. ஆனால் அதே கோள், 12 நாள் கழித்து, ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து அதே மலையை மீண்டும் படமெடுக்கிறது. இரண்டு படங்களின் கட்டங்களையும் கழித்தால், இடையில் தரை எவ்வளவு நகர்ந்தது என்பது மிஞ்சும். அலை போய்த் திரும்புவதால், தரை கோளை நோக்கி அரை அலைநீளம், அதாவது 2.8 சென்டிமீட்டர், நகர்ந்தால் கட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வானவில் வரிசை என்று வண்ணம் தீட்டினால், வீங்கிய மலையைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டைகள் தோன்றும். இதைக் குறுக்கீட்டுப் படம் என்று அழைக்கிறேன். பட்டைகளை எண்ணி 2.8-ஆல் பெருக்கினால் உயர்வு கிடைத்துவிடும். மூன்று வளையம் என்றால் சுமார் எட்டரை சென்டிமீட்டர்.

இடையே வேறு கழித்தல்களும் உண்டு. கோள் இரண்டாம் முறை வரும்போது சில பத்து மீட்டர் விலகியே வரும். அந்த விலகலால், மலையின் உருவமே பட்டைகளாகத் தெரியும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் அளந்து வந்த உலக உயரப் படம் போன்றவற்றைக் கொண்டு அதைக் கழித்துவிடுவார்கள். மேலும், ரேடார் செங்குத்தாகப் பார்ப்பதில்லை. சாய்ந்து பக்கவாட்டில் பார்க்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது மேல்நோக்கிய உயர்வு அன்று, கோளை நோக்கிய நகர்வு. வடக்கிலிருந்து வரும்போதும் தெற்கிலிருந்து வரும்போதும் எடுத்த இருவகைப் படங்களைச் சேர்த்தே எது உயர்வு, எது பக்கவாட்டு நகர்வு என்று பிரிக்க முடியும்.

எரிமலைக்கு இம்முறையைப் பொருத்திக் காட்டியவர்கள் பிரெஞ்சு ஆய்வாளர் திதியே மசொனேயும் அவர் குழுவினரும். 1991-இல் ஏவப்பட்ட ஈஆர்எஸ்-1 கோளின் படங்களைக் கொண்டு, இத்தாலியின் எட்னா மலை வெடிப்பின்போது அமிழ்ந்ததை 1995-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பூமியை வட்டமிடும் ஒரு கோள், ஒரு மலை முழுவதும் காற்றிறங்கும் பந்துபோல் சுருங்குவதைப் படம் பிடித்துவிட்டது என்பது அன்று பெருஞ்செய்தி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2000-ஆம் ஆண்டில் பிரான்சுவா போதுசெல் உள்ளிட்ட சிலர் எட்னாவின் பழைய படங்களை மீண்டும் ஆராய்ந்து, மலை முழுவதையும் சூழ்ந்த அந்தப் பட்டைகளில் ஒரு பங்கு தரையின் நகர்வே அன்று, காற்றின் வேலை என்று காட்டினார்கள்.

காற்று போடும் வேடம்

இந்தத் துறையில் நான் கற்றவற்றுள் மிக முக்கியமானது இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

ரேடார் அலை ஈரக்காற்றில் செல்லும்போது சற்றே தாமதமாகிறது. தாமதமானால் பாதை நீண்டதுபோல் தோன்றும். தரை விலகிப் போனதுபோல் தோன்றும். எல்லா இடத்திலும் ஒரே அளவு தாமதம் என்றால் கவலை இல்லை. ஆனால் மலையடிவாரத்துக்குச் செல்லும் அலை ஈரக்காற்று முழுவதையும் துளைத்துக்கொண்டு போகிறது. 3,000 மீட்டர் உயர உச்சிக்குச் செல்லும் அலையோ, ஈரம் மிகுந்த கீழடுக்கைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. முதல் படம் வறண்ட நாளிலும் இரண்டாம் படம் புழுக்கமான நாளிலும் எடுக்கப்பட்டால் என்ன ஆகும்? அடிவாரம் அதிகம் விலகியதாகவும் உச்சி குறைவாக விலகியதாகவும் தெரியும். அடிவாரத்தோடு ஒப்பிட்டால், உச்சி உயர்ந்துவிட்டது! மலை அசையவே இல்லை. படத்தில் மட்டும் அழகான வளையங்கள், அதுவும் சரியாக உச்சியைச் சுற்றி.

நம் வட்டாரத்தில் இது பல சென்டிமீட்டர் வரை போகக்கூடும். மழைக்கு முன் நம் உடம்பில் ஒட்டும் அந்தப் புழுக்கம்தான், கோளின் கண்ணில் மலை வீங்கியதுபோல் வேடம் போடுகிறது.

இதற்குத் திருத்தங்கள் உள்ளன. வானிலை மாதிரிகளைக் கொண்டு அந்தந்த நாளின் ஈரத்தைக் கணித்துக் கழிக்கலாம். பல படங்களைச் சேர்த்துச் சராசரி காணலாம். உயரத்துக்கும் கட்டத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து நீக்கியும் விடலாம். கடைசியில் சொன்ன முறையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உண்மையான வீக்கமும் பெரும்பாலும் உச்சியைச் சுற்றியே இருக்கும் அல்லவா? காற்றைத் துடைக்கிறோம் என்று வீக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட வாய்ப்புண்டு.

இன்னொரு தொல்லை, காடு. 5.6 சென்டிமீட்டர் அலை இலைகளில் பட்டே திரும்பிவிடும். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு நாளில் எத்தனை மட்டைகள் வெட்டப்பட்டிருக்கும், எத்தனை காற்றில் திரும்பியிருக்கும்! ரப்பர் மரமோ ஆண்டுக்கொரு முறை இலையையே உதிர்த்து நிற்கும். முதல் படத்தில் எதிரொலித்த பொருள் இரண்டாம் படத்தில் அங்கே இல்லை என்றால், கட்டங்களைக் கழிப்பதில் பொருளில்லை. என் இறுதியாண்டுத் திட்டத்துக்காக சினாபுங்கின் இரண்டு சென்டினல் படங்களை இணைத்தபோது, கட்டடங்கள் நெருங்கிய ஊர்ப்பகுதியும் செடிகொடியற்ற சாம்பல் சரிவும் தெளிவாக வந்தன. காடும் காய்கறித் தோட்டங்களும் வண்ணப் பொடியைக் கொட்டிக் கலைத்ததுபோல் இருந்தன. கலைந்துபோன ரங்கோலி என்றாள் அறைத்தோழி. பொருத்தமான பெயர்தான்.

இதனால்தான் நம் பகுதிக்கு நீண்ட அலை தேவைப்படுகிறது. 2006 முதல் 2011 வரை இயங்கிய ஜப்பானின் ஏலோஸ் கோளின் அலைநீளம் 23.6 சென்டிமீட்டர். அது இலைகளை ஊடுருவிக் கிளைகளையும் தரையையும் எட்டும். ஒரு பட்டைக்கு 11.8 சென்டிமீட்டர் என்பதால் நுட்பம் சற்றுக் குறைவு. ஆனால் காட்டிலும் படம் கிடைக்கும்.

ஆறு மலைகளும் ஓர் ஆகோங்கும்

அந்த ஏலோஸ் படங்களைக் கொண்டு, மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்டெல் ஷோசார், பால்க் அமெலுங் இருவரும் சுமத்ரா முதல் பாலி வரை உள்ள எரிமலை வரிசையை ஆராய்ந்தார்கள். 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வு, 2006-க்கும் 2009-க்கும் இடையில் ஆறு மலைகள் வீங்கியதாகச் சொன்னது: சினாபுங், கெரிஞ்சி, ஸ்லாமட், லாவு, லமோங்கான், ஆகோங். அவற்றுள் மூன்று, அதாவது சினாபுங்கும் கெரிஞ்சியும் ஸ்லாமட்டும், பின்னர் வெடித்தன. கவனிக்க வேண்டியது, சினாபுங் 2010-இல் வெடித்த பிறகே இம்முடிவு வெளியாயிற்று. படங்கள் முன்பே இருந்தன. பார்த்துச் சொல்ல ஆளில்லை.

ஆறாவது பெயரான ஆகோங், பாலித் தீவின் மிக உயர்ந்த மலை. 1963-இல் அது வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2017 செப்டம்பரில் அதனருகே நிலநடுக்கங்கள் பெருகின. செப்டம்பர் 22 அன்று இந்தோனேசிய அதிகாரிகள் எச்சரிக்கையை மிக உயர்ந்த நான்காம் நிலைக்கு உயர்த்தினார்கள். ஏறத்தாழ 140,000 பேர் வீடு வாசலையும் மாடு கன்றையும் விட்டு வெளியேறினார்கள். மலை வெடிக்கவில்லை. ஒரு மாதம் ஓடிற்று. அக்டோபர் 29 அன்று எச்சரிக்கை ஒரு படி இறக்கப்பட்டது. நவம்பர் 21 அன்று மலை வெடித்தது. 27-ஆம் நாள் மீண்டும் நான்காம் நிலை. பாலி விமான நிலையமும் மூடப்பட்டது.

முகாமில் அமர்ந்திருந்த ஒரு விவசாயியின் இடத்திலிருந்து அந்த ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள். திரும்பிப் போனால் உயிர், போகாவிட்டால் பயிர். அவருக்கு யார் என்ன சொல்ல முடியும்?

கோள் என்ன கண்டது என்பதை பேபியன் அல்பினோ, ஜூலியட் பிக்ஸ், தேவி சயாபனா ஆகியோர் 2019-இல் வெளியிட்டார்கள். காற்றைக் கவனமாகத் திருத்திய சென்டினல் படங்களில், ஆகோங்கின் வடசரிவில் 8 முதல் 10 சென்டிமீட்டர் உயர்வு இருந்தது. உச்சியில் அன்று, பக்கத்துச் சரிவில்! குழம்பு, ஆகோங்குக்கும் அண்டை எரிமலையான பாத்தூருக்கும் இடையில் ஆழத்தில் சுவர்போல் நுழைந்திருக்கிறது என்பது அவர்களின் முடிவு. 1963-இலும் ஆகோங் வெடித்த சில மாதங்களில் பாத்தூர் வெடித்தது. இரண்டு மலைகளும் நிலத்தடியில் தொடர்புடையவையாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது வலுச் சேர்த்தது.

அதே 2019-இல் இன்னோர் ஆய்வும் வந்தது. அது 2007 முதல் 2009 வரையிலான பழைய ஆகோங் படங்களை, காற்றுத் திருத்தத்தோடு மறுபடி கணக்கிட்டது. முன்பு வீக்கம் எனப்பட்டது நிலைக்கவில்லை. காற்றின் வேடமே அது என்று தெரிந்தது. ஆறு மலைகளுள் ஒன்றின் பெயரை இப்படி அடித்துவிட வேண்டியதாயிற்று. இதனால் முதல் ஆய்வு வீண் என்று நான் கருதவில்லை. ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க முடியும் என்று காட்டியதே அதுதான். ஆனால் யாராவது 2009-இல் அந்தப் படத்தை மட்டும் நம்பி மக்களை அப்புறப்படுத்தியிருந்தால், எட்டாண்டு முகாமில் இருக்க வேண்டியிருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "அப்ப, எப்ப வெடிக்கும்னு அந்த சேட்டலைட்டே முன்கூட்டி சொல்லிடுமாம்மா?"

சொல்லாது. ஆனால் வேறொன்று சொல்லும். ஜூலியட் பிக்ஸும் பிறரும் 2014-இல் வெளியிட்ட கணக்கு இது. முறையாகக் கவனிக்கப்பட்ட 198 எரிமலைகளில் 54 உருமாறின; அந்த 54-இல் 25 வெடித்தன. ஏறத்தாழ பாதி. எஞ்சிய 144-இல் 135 வெடிக்கவில்லை. அது 94 விழுக்காடு. அதாவது, வீங்கிய மலை வெடிக்குமா என்றால் பூவா தலையா போட்டதுபோல்தான். வீங்காத மலை அமைதியாக இருக்குமா என்றால் பெரும்பாலும் ஆம். எந்த மலையில் கருவி நட வேண்டும், எங்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய இது போதுமான அறிவு. நாள் குறிப்பதற்கு நிலநடுக்கமானிகளும் வாயு அளவிகளும் மலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களும் வேண்டும்.

படம் இருந்தும் பயன்படாமற் போன சோகமும் உண்டு. 2018 டிசம்பர் 22 இரவு அனாக் கிரக்கத்தாவின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்து, எழுந்த ஆழிப்பேரலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சரிவு பல மாதங்களாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததை, பின்னர் ஆராய்ந்தவர்கள் சென்டினல் படங்களில் கண்டார்கள். மெல்ல நகரும் சரிவுகள் உலகில் எத்தனையோ உண்டு. இது இன்ன நாளில் விழும் என்று அந்தப் படம் மட்டும் சொல்லியிருக்காது. என்றாலும், யாரோ ஒருவர் அதை அப்போதே விரித்துப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் எழாமலில்லை.

முயன்று பார்க்க விரும்புவோருக்கு

சென்டினல் படங்கள் இலவசம். அவற்றை இணைக்கும் ஸ்னாப் என்ற மென்பொருளையும் ஐரோப்பிய விண்வெளி முகமை இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு படமும் சில ஜிகாபைட் வரும். ஆகவே விடுதி இணையத்தில் இரவு பதிவிறக்கம் போட்டுவிட்டுத் தூங்குவதே உசிதம். கணினிக்கு 16 ஜிகாபைட் நினைவகமாவது வேண்டும். முதல் முயற்சிக்கு சுமத்ராவை எடுக்க வேண்டாம்; காடும் ஈரமும் சேர்ந்து உற்சாகத்தைக் கெடுத்துவிடும். கலாபகோஸ் தீவுகளின் சியரா நெக்ரா நல்ல தொடக்கம். 2005-க்கும் 2018-க்கும் இடையில் அதன் எரிவாய்த் தளம் ஏறத்தாழ ஆறரை மீட்டர் உயர்ந்து, 2018 ஜூன் 26 அன்று வெடித்தது. வெடிப்புக்குச் சில மாதம் முந்திய படங்கள் இரண்டை எடுத்தால், காற்று என்ன வேடம் போட்டாலும் மறைக்க முடியாத வளையங்களைக் காண்பீர்கள்.

நீண்ட அலைக்காகக் காத்திருந்தவர்களுக்கு, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் ஏவப்பட்டது. நாசாவின் 24 சென்டிமீட்டர் அலை ரேடாரும் இஸ்ரோவின் குறுகிய அலை ரேடாரும் ஒரே கோளில், 12 மீட்டர் அகல அலைவாங்கியோடு, 12 நாளுக்கொருமுறை அதே இடத்துக்கு வரும். தரவுகளை அனைவருக்கும் திறந்துவிடுவது அதன் கொள்கை. சினாபுங்கின் காட்டுச் சரிவை அதன் படங்களில் பார்க்க நான் கோப்புறை ஒன்றை ஏற்கெனவே திறந்து வைத்துவிட்டேன். இத்துறையில் ஆர்வமுள்ள தம்பி தங்கையர் கழகத்தின் வழி என்னைத் தொடர்புகொண்டால், இணைந்தே பார்க்கலாம்.